80 ஹெர்ட்ஸ் இரைச்சலும் உங்கள் காதும்: விமானம் ஓட்டப் பழகுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிறு விமானங்களில் பறக்கப் பழகும் மாணவர்களே,

செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானம் முழு விசையில் மேலேறும்போது காக்பிட்டுக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தொடும். கதவு ரப்பர் தேய்ந்த பழைய விமானம் என்றால் அதையும் தாண்டும். இரைச்சலில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரே ஒரு மணி. நீங்கள் ஒரு நாளில் பறப்பது ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் காதுக்குச் சரியான காப்பு இல்லையென்றால் அன்றைய ரேஷனில் பெரும்பகுதி அந்த ஒரு பாடத்திலேயே தீர்ந்துவிடலாம். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அதன்பின் பயிற்றுநராகச் சேர்பவருக்கு இதே இரைச்சலில் ஆயிரம் மணி நேரம் கழிவது வெகு சாதாரணம்.

இந்தக் காப்பைத் தரும் முதன்மைக் கருவி ஹெட்செட். உங்கள் செலவுப் பட்டியலில் கடைசி வரியில் இருப்பதும் அதுதான். நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டியவர்கள் உங்களில் உண்டு. கடைசி வரியில் கையிருப்பு குறைந்துபோவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதே பட்டியலில் பெரிய டயல் வைத்த கைக்கடிகாரமும் கண்ணாடியும் ஹெட்செட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பலர் பள்ளி அலமாரியில் தொங்கும் பொது ஹெட்செட்டிலேயே முதல் 50 மணி நேரத்தைக் கழிக்கிறார்கள். அதன் காது மெத்தை பத்துப் பேர் வியர்வையில் ஊறி, வெயிலில் காய்ந்து, அப்பளம் போல விறைத்திருக்கும். விறைத்த மெத்தை காதைச் சுற்றிப் படியாது; படியாத இடத்தில் இரைச்சல் நேராக உள்ளே வரும்.

இரைச்சலால் கெடும் செவியில் வலி இராது. உட்செவியில் உள்ள மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனித உடலில் திரும்ப முளைப்பதில்லை. முதலில் அழிவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான். அன்றாடப் பேச்சில் அதன் குறை உடனே தெரியாது, ஏனென்றால் உயிரெழுத்துகள் கீழ் அலைவரிசையில் இருப்பவை. ‘ஸ’, ‘ஃப’ போன்ற உரசொலிகள் மட்டும் மெல்ல மங்கும். வானொலியில் எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதே தொழிலாகப் போகிற உங்களுக்கு அந்த மங்கல் சிறிய விஷயமல்ல. ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்லச் சொல்லிச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ விதி வைத்திருப்பதே, நல்ல காதும் இரைச்சலில் எண்களைக் குழப்பிக்கொள்ளும் என்பதால்தான். முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கான ஐகாவோ வரம்பும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸில் எந்தக் காதிலும் செவித்திறன் இழப்பு 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. 3,000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. காதின் சேதம் முதலில் எட்டிப்பார்க்கும் 4,000 ஹெர்ட்ஸ் அந்த வரம்பிலேயே இல்லை. சான்றிதழில் ‘தகுதி’ என்று முத்திரை விழுந்துகொண்டே இருக்கும்போதும் காது கெட்டுக்கொண்டிருக்க முடியும்.

ஹெட்செட் வாங்கப் போகும் நீங்கள் முதலில் ஏமாறும் இடம் பெட்டியின் மேலுள்ள எழுத்து. ‘இரைச்சல் நீக்கும்’ என்ற சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு ஒட்டப்படுகிறது. ஒன்று மைக். அதற்கு முன்னும் பின்னும் துளைகள் உண்டு. தொலைவிலிருந்து வரும் இன்ஜின் ஓசை இரு துளைகளிலும் ஏறக்குறையச் சமமாக நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உதட்டருகே எழும் குரல் முன்துளையில் மட்டும் பலமாக விழும். இதனால் பயன் பெறுவது உங்கள் பேச்சைக் கேட்கும் டவர்க்காரர். உங்கள் காதுக்கு இதில் ஒன்றும் இல்லை. இன்று விற்கும் ஏறக்குறைய எல்லா விமான ஹெட்செட்டிலும் இந்த மைக் இருக்கிறது. மலிவான, பேட்டரியே தேவைப்படாத ஹெட்செட்டின் பெட்டியிலும் அந்தச் சொல் இருப்பது இதனால்தான். மற்றொன்று காதுக் கிண்ணத்துக்குள் நடக்கும் மின்னணு வேலை. அதற்கு ஏ.என்.ஆர். என்று பெயர். விலை மூன்று மடங்காவது இரண்டாவதற்காக. எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் அந்த மூன்றெழுத்தைச் சொல்லியே கேளுங்கள்.

அந்த மின்னணு வேலை எதற்குத் தேவைப்படுகிறது என்பதை செஸ்னாவின் இன்ஜினே சொல்லிவிடும். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று. இரண்டு இதழ் கொண்ட புரொப்பெல்லர் ஒரு நொடியில் 80 முறை காற்றை அறைகிறது. அதே தண்டில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அதுவும் நொடிக்கு 80. இரண்டும் ஒரே சுருதியில் சேர்ந்து உறுமுகின்றன. உங்கள் மார்பெலும்பில் அதிர்வாக உணர்வது இந்த 80 ஹெர்ட்ஸைத்தான். ரோட்டாக்ஸ் 912 பூட்டிய இலகு விமானங்களில் கதை கொஞ்சம் மாறும். அங்கே பற்சக்கரம் நடுவில் இருப்பதால் புரொப்பெல்லர் ஒரு சுருதியிலும் இன்ஜின் அதைவிட மேலான சுருதியிலும் இரைகின்றன. ஆனாலும் இரண்டும் தாழ்ந்த ஒலிகளே.

காதை மூடும் கிண்ணமும் மெத்தையும் மட்டும் கொண்ட சாதாரண ஹெட்செட், காற்றின் சீறல் போன்ற உயர்ந்த ஒலிகளை நன்றாகவே தடுக்கும். 4,000 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் வரை குறைப்பது அதற்குக் கடினமல்ல. தாழ்ந்த ஒலியிடம் அது தோற்றுப்போகிறது. 125 ஹெர்ட்ஸில் பத்து, பதினைந்து டெசிபலுக்கு மேல் அதனால் இயலாது. அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் ஏ.என்.ஆர். கிண்ணத்துக்குள் இருக்கும் ஒரு சிறு மைக் உள்ளே நுழைந்த இரைச்சலைக் கேட்கிறது; மின்சுற்று அதன் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றி ஸ்பீக்கர் வழியாகத் திருப்பி விடுகிறது; இரண்டும் கூடும்போது அடங்குகின்றன. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல். கிண்ணத்துக்குள் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப் பிறக்கும் எதிரலை அதோடு பொருந்துவதில் சிரமமே இல்லை. 4,000 ஹெர்ட்ஸின் அலைநீளமோ 9 சென்டிமீட்டர்கூட இல்லை. அங்கே ஓரிரு சென்டிமீட்டர் பிசகினாலே அழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். ஆகவே ஏ.என்.ஆர். சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் வேலை செய்கிறது. அதற்கு மேலே உங்கள் காதைக் காப்பது பழைய மெத்தையும் கிண்ணமும்தான், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும்.

எதிரலை என்ற எண்ணத்துக்குப் பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1978-இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த, போஸ் நிறுவனத்தை உருவாக்கிய அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காமல் எரிச்சலடைந்து, அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. உங்களுக்குப் பொருத்தமான கதை அதற்கு அடுத்தது. 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எரிபொருள் நிரப்பாமல், எங்கும் இறங்காமல் 9 நாளில் உலகைச் சுற்றினார்கள். குறுகலான அந்தக் கூட்டுக்குள் இன்ஜின் இரைச்சலைத் தாங்க அவர்கள் அணிந்திருந்தது போஸின் சோதனை ஹெட்செட். 1989-இல் அது விற்பனைக்கு வந்தது. விமானிகளின் கருவியாகத்தான் இது கடைக்கு வந்தது. ரயிலில் பாட்டுக் கேட்பவர்கள் காதுக்குப் போனது பிறகுதான்.

இதை நினைவில் வைத்தால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இசை ஹெட்போனில் மைக் ஒன்றை மாட்டிக்கொண்டு பறக்கலாமே என்ற யோசனைக்கும் விடை கிடைக்கும். அப்படி மாட்டும் துணைக் கருவிகள் விற்கின்றன. உங்கள் சீனியர்களில் சிலர் வைத்திருக்கவும் கூடும். ஆனால் இசை ஹெட்போன் பயணிகள் ஜெட்டின் அறைக்குள் இருக்கும் இரைச்சலுக்காகச் செய்த பொருள். கிண்ணம் மெல்லியது, அழுத்தம் குறைவு. அது செய்வதெல்லாம் பெரும்பாலும் மின்னணு வேலையே. பேட்டரி தீர்ந்த நொடியில் உங்கள் காதில் மிஞ்சுவது ஒரு பஞ்சு மூடி. விமானத்துக்கென்று செய்த ஹெட்செட்டில் பேட்டரி தீர்ந்தால் இரைச்சல் கூடுமே தவிர, கிண்ணத்தின் காப்பும் வானொலித் தொடர்பும் அறுந்துபோகாது. அறுந்துபோகாது என்பதை வாங்கும்போதே பேட்டரியைக் கழற்றிச் சரிபார்த்துவிடுங்கள்.

டெசிபல் எண்களை வைத்து ஒப்பிட்டு வாங்க நினைப்பவர்கள் உங்களில் அதிகம்; பொறியியல் படித்துவிட்டு வருபவர்களாயிற்றே. அந்த எண்கள் நம்புவதற்கு உகந்தவை அல்ல. சாதாரண ஹெட்செட்டில் அச்சிடப்படும் என்.ஆர்.ஆர். என்ற இரைச்சல் குறைப்பு எண், ஆய்வுக்கூடத்தில், கவனமாக அணிவித்து அளந்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா, அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கிக்கொள்ளும்படி அறிவுறுத்துகிறது. 23 என்று போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டியது 8. காக்பிட்டில் 95 என்றால் காதில் 87. ஏ.என்.ஆர். ஹெட்செட்டின் நிலைமை இதைவிடக் குழப்பமானது. என்.ஆர்.ஆர். அளவுமுறை இந்த வகைக் கருவிக்காக வகுக்கப்பட்டதே அல்ல. ஒரு நிறுவனம் தனக்குச் சாதகமான அலைவரிசையில் கிடைத்த உச்ச எண்ணை விளம்பரத்தில் போடும்; இன்னொன்று வேறு இடத்தில் அளக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தக்காளியையும் துணியையும் ஒரே தராசில் நிறுப்பதுதான்.

எண்களைவிட உங்கள் முகம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. மூக்குக் கண்ணாடியின் தடித்த கம்பி மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சந்தை உண்டாக்கும். தாழ்ந்த ஒலிக்கு அந்தச் சந்து போதும், ஏ.என்.ஆர். எவ்வளவு எதிரலை விட்டாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் கதைதான். கண்ணாடி அணிபவர்கள் மெல்லிய, தட்டையான கம்பியுள்ள சட்டம் வாங்குவது, ஹெட்செட்டில் கூடுதலாகப் பத்தாயிரம் ரூபாய் போடுவதைவிடப் பயன் தரும். தடித்த பின்னல், தொப்பி விளிம்பு, பெரிய கம்மல் இவையும் அதே சந்தை உண்டாக்குபவை. தலைப்பட்டையின் அழுத்தம் வேறு ஒரு பிரச்சினை. அழுத்தம் கூடினால் மெத்தை நன்றாகப் படியும், ஆனால் 40 நிமிடத்தில் பொட்டுப் பகுதியில் வலி தொடங்கும். அழுத்தமும் எடையும் குறைவாக இருக்கும் ஹெட்செட்டுக்கு மக்கள் அவ்வளவு விலை கொடுப்பதில் இதுவும் ஒரு காரணம். போஸ் ஏ20 ஏறத்தாழ 340 கிராம்தான். கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பதில் இந்த வலி தெரியவே தெரியாது.

உயிர்காக்கும் ஒலிகளும் இரைச்சலோடு சேர்ந்து மறைந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2007-இலேயே இதைப் பற்றி விமானிகளுக்கு ஓர் அறிவிப்பு விட்டது: எச்சரிக்கை ஒலிகளும், ஏதோ பழுதைச் சொல்லும் சூழல் ஓசைகளும் கேட்காமல் போகலாம் என்று. செஸ்னா 172-இன் பெரும்பாலான மாதிரிகளில் ஸ்டால் எச்சரிக்கை மின்சாரத்தால் வருவதல்ல. இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள துளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு, நாக்கு ஒன்று நாதஸ்வரச் சீவாளி போல அதிர்ந்து ஒலிப்பது. அது இன்டர்காம் கம்பி வழியாக உங்கள் காதுக்கு வராது. கிண்ணத்தை ஊடுருவித்தான் வர வேண்டும். ஏ.என்.ஆர். தாழ்ந்த உறுமலை மட்டுமே அடக்குவதால், உயர்ந்த சுருதியில் கத்தும் அந்த ஒலி பலருக்கு முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. பலருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புது ஹெட்செட்டோடு பறக்கும் முதல் நாளில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, போதிய உயரத்தில் ஸ்டால் ஒன்றைச் செய்து அந்த ஒலியைக் கேட்டுப் பழகுங்கள். இன்ஜினின் சுருதி மாறுவதும் முன்போல் காதில் உறைக்காது. டாக்கோமீட்டரைப் பார்க்கும் பழக்கம் கூட வேண்டும்.

பிளக் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். சிறு விமானங்களில் பரவலாக இருப்பது இரட்டைப் பிளக்: கேட்பதற்கு 6.35 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்று, மைக்குக்கு அதைவிடச் சற்று மெல்லியதாக இன்னொன்று. ஹெலிகாப்டர்களில் ஒற்றைப் பிளக் வழக்கம். விமானத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஆறு ஊசிப் பிளக்கை, உங்கள் பயிற்சி விமானத்தில் அதற்குரிய துளை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ராணுவக் கழிவுச் சந்தையிலிருந்து வரும் ஹெட்செட்டில் மைக்கின் மின்தடை வேறாக இருக்கும். பிளக் பொருந்தினாலும் குரல் போகாது. புது ஹெட்செட்டில் ஒரு காது மட்டும் கேட்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், கம்பியிலுள்ள மோனோ–ஸ்டீரியோ பொத்தானைத் தள்ளிப் பாருங்கள். மைக்கை உதட்டை உரசும் அளவுக்குக் கிட்டே வையுங்கள். குரல் படவேண்டிய பக்கத்தில் அடையாளம் இருக்கும். டவர் உங்களை இரண்டாம் முறை சொல்லச் சொல்வதற்குப் பாதிக் காரணம் மோவாய்க்குக் கீழே தொங்கும் மைக்.

புளூடூத் வசதி பயிற்சிக் காலத்தில் உங்களுக்குத் தேவையில்லை. சர்க்யூட்டில் பாட்டுக் கேட்பவரைப் பயிற்றுநர் இறக்கிவிடுவதே சரி. லைட்ஸ்பீடு நிறுவனத்தின் டெல்டா ஸூலு ஹெட்செட்டில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் கருவி உள்ளேயே இருக்கிறது. புகைக்குழாயின் சூட்டிலிருந்து காக்பிட்டுக்கு வெப்பம் எடுக்கும் விமானங்களில் அது நல்ல யோசனை. குளிரே இல்லாத ஊரில் ஹீட்டரைத் திறக்காமல் பறப்பவருக்கு அதன் பயன் குறைவு.

விலைக்கு வருவோம். முதல்தர ஏ.என்.ஆர். ஹெட்செட் அமெரிக்காவிலேயே 1,000 டாலரைத் தாண்டும். இறக்குமதி வரி சேர்ந்தால் உங்களில் பலருக்கு அது எட்டாத தொகை. எட்டாதவர்கள் வெட்கப்படவோ கடன் வாங்கவோ வேண்டாம். நல்ல மெத்தை பூட்டிய, தலைக்குப் பொருந்திய சாதாரண ஹெட்செட்டும், அதற்குள்ளே காதில் சரியாகச் செருகிய நுரை அடைப்பானும், பொருந்தாத விலையுயர்ந்த ஏ.என்.ஆர்.-ஐவிட மேலானவை. இரண்டின் எண்களும் அப்படியே கூடிவிடாது. ஓஷாவின் கணக்கில் பெரியதோடு 5 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த 5 டெசிபல் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடைப்பான் போட்டால் டவர் கேட்காதே என்று தயங்க வேண்டாம். இரைச்சலும் பேச்சும் சேர்ந்தே குறையும், பேச்சை மட்டும் வால்யூம் திருகி ஏற்றிக்கொள்ளலாம். காப்பே இல்லாமல் வால்யூமை ஏற்றுவதுதான் ஆபத்து: இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டி வானொலியே காதை அடிக்கத் தொடங்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவு. மருத்துவப் பரிசோதனையில் எடுத்த செவித்திறன் வரைபடத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 4,000 ஹெர்ட்ஸையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெட்செட் வாங்குவதை முதல் சோலோவுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். வாங்கும் முன், வாங்க நினைக்கும் அதே வகையை ஒரு சீனியரிடம் இரவல் வாங்கி, உங்கள் கண்ணாடியோடு, உங்கள் பயிற்சி விமானத்தில் ஒரு முழுப் பாடம் பறந்து பாருங்கள். ரன்-அப்பில் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு இரண்டு கிண்ணங்களையும் கையால் மெல்ல அழுத்துங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் அது உங்கள் தலைக்கான ஹெட்செட் அல்ல, அல்லது அதன் மெத்தையின் ஆயுள் முடிந்துவிட்டது. வாங்கியதை வெயிலில் டாஷ்போர்டின் மேல் விட்டுவிட்டு இறங்காதீர்கள்; மெத்தையை ஆண்டுக்கொருமுறையாவது மாற்றுங்கள்.

இன்னொன்றைத் தனியாளாகச் செய்ய முடியாது. உங்கள் பிரிவில் உள்ளவர்கள் அனைவரும் கையெழுத்திட்டுப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பொது ஹெட்செட்டுகளின் காது மெத்தைகளையும் மைக் நுரைகளையும் இந்த மாதமே மாற்றவும், அடுத்து மாற்ற வேண்டிய தேதியைக் கிண்ணத்தின் மேல் ஒட்டவும், முதல் பறத்தலுக்கு முன் தரை வகுப்பில் ஒரு மணி நேரத்தைக் காதுக்கும் ஹெட்செட்டுக்கும் ஒதுக்கவும் கேளுங்கள். பணம் இல்லை என்று பதில் வந்தால் மெத்தைக்கான செலவை நீங்களே பகிர்ந்துகொள்ள முன்வாருங்கள். பதில் வரும்வரை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு ஜோடி நுரை அடைப்பான் இருக்கட்டும்.